அடைக்கக் கூடாத தூம்பு

நடந்தது இவ்வளவுதான்:

1. பனிப்புயல் வருகிறது என்று ஊரில் எல்லோருடைய கைபேசிக்கும் எச்சரிக்கை வந்தது.
2. நான் வேலைக்குப் போனேன். அம்மா வீட்டில் இருந்தாள்.
3. அம்மா பின்னறையின் தரை வடிகாலை அப்பாவின் வேட்டியால் அடைத்தாள்.
4. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோனது.
5. மெக்கானிக் வந்து சரிசெய்தார்.
6. அம்மா ஊருக்குப் போகிறேன் என்றாள்.

கட்டடங்களுக்குக் குழாய் வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்காவது பழுது நேர்ந்தால் இப்படித்தான் வரிசையாக எழுதி, எந்த வரியிலிருந்து எந்த வரி வந்தது என்று அம்புக்குறி போடுவோம். மூன்றிலிருந்து நான்குக்கு அம்புக்குறி சுலபமாகப் போடலாம். ஐந்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆறாவது வரி ஏன் வந்தது என்பதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் ஃபர்னஸ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஆளுயர இரும்புப் பெட்டி. உள்ளே எரிவாயு எரியும். அதில் சூடான காற்று தரையிலுள்ள திறப்புகள் வழியே ஒவ்வோர் அறைக்கும் வரும். கனடாவின் சமவெளியில், கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல் மட்டுமே உள்ள ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். இங்கே ஃபர்னஸ் இல்லாத வீட்டில் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. எனக்கு முதல் ஆண்டு விநோதமாக இருந்தது குளிர்கூட இல்லை. நெருப்பு எரிகிற அந்தப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவதுதான். புகையிலுள்ள சூட்டையும் விடாமல் உறிஞ்சிக்கொள்வதால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகிவிடுகிறது. விரல் தடிமனுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய் அதைத் தரை வடிகாலுக்குக் கொண்டுபோகும். அந்தத் தண்ணீர் போக வழியில்லை என்றால் பெட்டி தானாகவே நெருப்பை அணைத்துவிடும். எரிவாயு இருக்கும், மின்சாரம் இருக்கும், ஆனாலும் எரியாது.

என் வீடு பழையது, சின்னது. ஃபர்னஸ் இருக்கும் பின்னறை பிற்பாடு யாரோ சேர்த்துக் கட்டியது. அந்த மெல்லிய குழாய் வெளிச்சுவரை ஒட்டியே வடிகாலுக்குப் போகிறது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை கவலையில்லை. பெட்டியிலிருந்து வெதுவெதுப்பாகவே வரும். நின்றால் உறைந்துவிடும். அதனால் வேலை முடிந்து வந்ததும் எனக்கு ஒரு சுற்று உண்டு. வெளியே புகைக்குழாயின் வாயில் பனி மூடியிருந்தால் தட்டிவிடுவேன். வடிகாலில் ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றுவேன். சமையலறைத் தொட்டிக்குக் கீழேயுள்ள அலமாரிக் கதவைத் திறந்துவைப்பேன், வீட்டின் சூடு உள்ளே இருக்கும் குழாய்க்கும் படட்டும் என்று. ரொம்பக் குளிர்கிற நாட்களில் ஒரு குழாயை மெல்லிசாக ஒழுகவிடுவேன்.

அம்மாவுக்கு இந்தக் கடைசி வேலைதான் தாங்கவில்லை. “கொழாய தொறந்து வுட்டுட்டு வூட்ல நடமாடறவள இப்பதான் பாக்கறேன்” என்பாள். நான் அந்தப் பக்கம் போனதும் இறுக்கி மூடிவிடுவாள். திரும்ப வந்து திறப்பேன். “ஒனக்கு என்னா, தண்ணி லாரி பின்னாடி கொடம் தூக்கிட்டு ஓடுனதெல்லாம் மறந்துபோச்சி” என்பாள். கடைசியில் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்று தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். “பரிச்சைக்கு வருமா?” என்று கேட்டாள்.

அப்பா இறந்து வருஷத் திதி கொடுத்த பிறகு அம்மாவை இங்கே கூட்டிவந்தேன். கடலூர் திருப்பாப்புலியூரில், கெடிலம் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவிலிருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைச் சிதம்பரத்துச் சித்தியிடம் கொடுத்தோம். நான் ஒரே பெண். அம்மா தனியாக இருப்பதை நினைத்தால் எனக்கு இங்கே வேலை ஓடாது. அவள் நிரந்தரமாக இங்கே தங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கான மனுக்களைத் தயாராகவே வைத்திருந்தேன். அவள் கையெழுத்து மட்டும் பாக்கி. “பொங்கல் போவட்டும், சொல்றேன்” என்றாள். நானும் நெருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்த புதிதில் அம்மா விருந்தாளி போல இருந்தாள். சோபாவின் ஓரத்தில் உட்காருவாள். ஜன்னல் பக்கம் போனால் திரைச்சீலையைத் தொடாமல் நடுவிலிருக்கும் இடைவெளி வழியே வெளியே பார்ப்பாள். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவாள். அவர் இறந்த வீட்டிலும் அவள் அழுது நான் பார்க்கவில்லை. வந்தவர்களுக்குக் காபி போனதா, பந்தல்காரருக்கு நாற்காலி திரும்பிப் போனதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். மார்கழி பிறந்த பிறகு கொஞ்சம் மாறினாள். மசாலா டப்பாக்களை அவளுடைய வரிசையில் மாற்றி அடுக்கினாள். பனி மேல் கோலம் போட முடியுமா என்று வாசலில் கோலமாவைத் தூவிப் பார்த்தாள். வெள்ளையில் வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மஞ்சள்தூளோடு போனாள். அன்று அலுவலகத்தில் எனக்கு எந்த வேலையும் பாரமாகத் தெரியவில்லை.

அடைத்தது பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டுத் தூம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிக்கிற அறையிலிருந்து தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகிற ஓட்டையை எங்கள் பக்கம் தூம்பு என்போம். மழைக்காலத்தில் கெடிலம் பொங்கினால் வெள்ளம் எங்கள் தெருவுக்குள் முதலில் வாசல் வழியாக வருவதில்லை. சாக்கடை நிரம்பி, தூம்பு வழியாகத்தான் வீட்டுக்குள் ஏறும். அந்தத் தண்ணீரோடு எலி வரும், பூரான் வரும், சில வீடுகளில் பாம்பும் வந்திருக்கிறது. அதனால் புயல் என்று கேள்விப்பட்டால் எங்கள் தெருப் பெண்கள் முதலில் செய்கிற காரியம், பழைய துணியைப் பந்தாகச் சுருட்டித் தூம்பில் திணித்து மேலே கல்லைத் தூக்கி வைப்பது. அதற்குப் பிறகுதான் மெழுகுவத்தி, மண்ணெண்ணெய் எல்லாம்.

அப்பாவுக்குச் சிதம்பரத்தில் குமாஸ்தா வேலை. நான் படித்ததும் சிதம்பரத்தில்தான். நாலு வருஷம் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். அவர் முன்பக்கம் நின்றுகொண்டு வருவார். என் சிநேகிதிகளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று என்னைத் தெரியாதவர் போலவே இருப்பார். ஒரு மழைக்காலத்தில் சாலையில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுபோனது. நாங்கள் இருவரும் சித்தி வீட்டில் மாட்டிக்கொண்டோம். போனும் வேலை செய்யவில்லை. சித்தி போட்ட தோசையை அப்பா தொடவில்லை. “அவ ஒண்டியா இருக்கா” என்று மட்டும் அடிக்கடி சொன்னார். தண்ணீர் வடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் வீட்டுக்கு வீடு சாக்கடைச் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் வாசற்படி வரை ஈரம், உள்ளே தரை காய்ந்திருந்தது. அரிசி மூட்டை கட்டில் மேல். என் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறையில் பரண் மேல். தூம்பில் அப்பாவின் வேட்டி, அதன் மேல் அம்மிக் குழவி. அம்மா அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா யாரையும் புகழ்கிறவர் இல்லை. ஆனால் இந்தக் கதையை மட்டும் டீக்கடையில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் என்று எங்கும் சொல்லிக்கொண்டிருந்தார். “எங்க வூட்டுக்காரி தூம்ப அடைச்சான்னா, ஆத்துத் தண்ணி அவளக் கேட்டுட்டுதான் உள்ள வரணும்.” அம்மா உள்ளே இருந்தபடியே, “வேட்டி போச்சேன்னு எத்தினி நாளு பொலம்புனீங்க, அதையும் சொல்லுங்க” என்பாள்.

இனி அந்தப் பனிப்புயல் நாள். காலையில் எச்சரிக்கை வந்தபோது கைபேசி அலறிய அலறலில் அம்மா பயந்துபோனாள். “என்னாடி இது?” “புயல் வருதாம்மா. காத்து, பனி. ஜாஸ்தி ஒண்ணும் இருக்காது, நீ வெளிய மட்டும் போவாத.” புயல் என்ற சொல்லைத்தான் நான் சொன்னேன். வேறு என்ன சொல் இருக்கிறது எங்களுக்கு?

மதியம் அலுவலகத்தில் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சாலை தெரியாத அளவுக்குப் பனி வீசிக்கொண்டிருந்தது. ஊர்ந்து ஊர்ந்து வந்து கதவைத் திறந்தால், வீட்டுக்குள் என் மூச்சு புகையாகத் தெரிந்தது. அம்மா சமையலறையில் குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டரும் அதன் மேல் அப்பாவின் மஃப்ளருமாக நின்றுகொண்டிருந்தாள். மேசை மேல் மெழுகுவத்தி, தீப்பெட்டி. குடம் இல்லாததால் என் பாத்திரங்கள் அத்தனையிலும் தண்ணீர் பிடித்து மூடிவைத்திருந்தாள். புளிச்சோறு கிளறி ஆறவைத்திருந்தாள். என் பாஸ்போர்ட்டும் வீட்டுப் பத்திரமும் பிளாஸ்டிக் பைக்குள் அலமாரியின் உச்சியில் இருந்தன. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“வந்துட்டியா. நீ எங்க மாட்டிக்கினியோன்னு இருந்தேன். எல்லாம் பண்ணிட்டேன், வா, கைய காட்டு, ஐஸா இருக்குதே.”

“அம்மா, வீடு ஏன் இப்படி சில்லுனு இருக்குது? எனக்கு ஏன் போன் பண்ணல?”

“இதுக்குப் போயி போனா? புயல்னா கரன்ட் கட் பண்ணுவாங்கல்ல, அதுமாதிரி சூட்டையும் நிறுத்தி வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். வுட்டா தானா வரும்.”

அப்பா இறந்த பிறகு அவள் குரலில் அந்தத் தெம்பை நான் கேட்டதே இல்லை. யாருக்கோ காத்திருக்கிற மாதிரி, எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு நின்றாள். நான் பின்னறைக்குப் போனேன். தரையில் தண்ணீர் தேங்கி ஓரங்களில் ஐஸ் கட்டியிருந்தது. வடிகாலின் வாயில் வெள்ளைத் துணிப் பந்து, அதன் மேல் கிரைண்டரின் கல். குழாயின் நுனி துணிக்குள் மடங்கிச் செருகியிருந்தது. ஃபர்னஸின் சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

“காலையிலியே அடைச்சிட்டேன்” என்றாள் அம்மா, எனக்குப் பின்னால் நின்று. “நீ லிஸ்டுல எழுத மறந்துட்ட. நல்லவேள, எனக்கு ஞாபகம் இருந்துச்சி.”

அது உண்மைதான். ஃபிரிட்ஜ் கதவில் வடிகாலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இந்த ஊரில் அதை அடைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. எங்கள் தெருவில் புயலன்று அதைத் திறந்துவைக்க யாருக்கும் தோன்றாது. நான் கல்லை நகர்த்தி, துணியை உருவி மூலையில் போட்டேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. ஆனால் சுவரோரக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து, பெட்டியை ஒட்டி, சொட்டும் தண்ணீரைப் பிடித்துக் குழாய்க்கு விடுகிற பிளாஸ்டிக் கிண்ணமும் விரிசல் விட்டிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வரும் வரை இட்லிப் பானையில் வெந்நீர் வைத்து, துண்டை நனைத்து நனைத்துக் குழாயின் மேல் சுற்றினோம். அம்மாதான் பிழிந்து பிழிந்து கொடுத்தாள். அப்போதும் அவளுக்கு விஷயம் தெரியாது. “பாவம், குளுர்ல இதுக்கும் வெறச்சிப்போச்சி” என்று குழாயைப் பார்த்துச் சொன்னாள்.

மெக்கானிக் செந்தாடியுடன் பெரிய உருவம். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்தார். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. “மரியாத தெரிஞ்ச புள்ள” என்றாள். அவர் குழாயைக் கழற்றி ஐஸைத் தட்டி எடுத்தார், கிண்ணத்தை மாற்றினார், மீண்டும் பொருத்தினார். பெட்டி உறுமி எரியத் தொடங்கியது. பிறகு எழுந்து நின்று, அம்மாவைப் பார்த்து நட்பாகச் சிரித்தபடி, வடிகாலைக் காட்டினார், மூலையில் கிடந்த துணியைக் காட்டினார், ஃபர்னஸைக் காட்டினார், கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அடைத்தால் பெட்டி செத்துப்போகும் என்று அர்த்தம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது.

அவர் போகிறபோது உடைந்த கிண்ணத்தையும், ஐஸ் துண்டுகளைத் துடைத்த காகிதத்தையும், அந்த ஈரத் துணியையும் சேர்த்து ஒரு கறுப்புப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டைச் சுத்தமாக விட்டுப் போக வேண்டும் என்ற நல்ல எண்ணம். அம்மா முன்னால் வந்து கையை நீட்டினாள். அவர் ஒரு நொடி பார்த்தார். பையைக் கீழே வைத்து, கையுறையைக் கழற்றி, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “கவலைப்படாதீர்கள் மேடம், இதைவிட மோசமாகவெல்லாம் பார்த்திருக்கிறேன்” என்றார். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் விட்டதும் மறுபடியும் நீட்டினாள். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

“அந்தத் துணி என் அம்மாவுக்கு வேண்டும்” என்றேன்.

“இதுவா? அழுக்காக இருக்கிறதே.”

“என் அப்பாவுடையது.”

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, பையில் கைவிட்டு அதை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். வெகுநேரம் துணி அலசுகிற சத்தம் கேட்டது. நடுவில் அலசுகிற சத்தம் நின்று தண்ணீர் மட்டும் ஓடியது. நான் கதவைத் தட்டவில்லை. வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. “இந்த ஊரு சோப்பு கண்ணுல பட்டா ரொம்ப எரியுது” என்றாள்.

வீடு சூடேறிய பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டு அவளுக்கு விளக்கினேன். நெருப்பு, புகை, ஈரம், குழாய், வடிகால். பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப நான் அடைச்சதாலதான் நின்னுபோச்சி.”

“ஆமாம்மா. ஆனா உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே வந்த புதுசுல தெரியாது. ஒண்ணும் ஆவலல்ல.”

“நீ வராம இருந்திருந்தா?”

நான் பேனாவை மூடி வைத்தேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வூட்ல எத எப்ப அடைக்கணும், எத எப்ப தொறக்கணும்னு எனக்குத் தெரியும் பாப்பா. இங்க தெரியல. கொழாய தொறந்து வுடுன்ற, தூம்ப அடைக்காதன்ற. எல்லாமே தலகீழா இருக்குது. இந்த வயசுல கத்துக்கலாம், கத்துக்க மாட்டேன்னு இல்ல. ஆனா அதுவரைக்கும் ஒனக்கு என்னால எதுனா ஆயிட்டா?”

அதன் பிறகு அம்மா எதையும் கேட்காமல் தொடவில்லை. அலமாரிக் கதவை மூடலாமா, இந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றலாமா, இந்த விளக்கை அணைக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்துக்குப் போன் வரும். மசாலா டப்பாக்கள் மறுபடியும் என் வரிசைக்கு வந்துவிட்டன. வாசலில் மஞ்சள் கோலம் இல்லை. நான் எவ்வளவோ சொன்னேன். சித்தியை விட்டுச் சொல்லவைத்தேன். பொங்கலன்று பால் பொங்கியதும், அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: “தைப்பூசத்துக்கு வடலூர்ல ஜோதி பாக்கணும். டிக்கெட் போட்டுடு.” அது ஜோதி பார்க்க மட்டும் போகிற பயணமில்லை என்று இருவருக்கும் தெரியும். மனுக்கள் மேசை இழுப்பறையில் இருந்தன. அவள் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கிளம்புகிற நாள் காலையில் பின்னறையிலிருந்து சத்தம் கேட்டுப் போனேன். அம்மா தரையில் உட்கார்ந்து, காய்ந்த வேட்டியை நடுவில் கிழித்துக்கொண்டிருந்தாள். பாதியை நீளவாக்கில் பட்டை பட்டையாகக் கிழித்து, சுவரோரக் குழாயில் நெருக்கமாகச் சுற்றி, பூக்கட்டும் நூலால் முடிச்சுப் போட்டாள். அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போடுகிற பதம். மீதிப் பாதியை மடித்து ஊருக்கு எடுத்துப் போகிற பையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இத சுத்தலாம்ல? தப்பில்லையே?”

“தப்பில்லம்மா.”

“தூம்புல நூலு கீலு வுழாம பாத்துக்க” என்றாள்.

இப்போது ஐப்பசி. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. கடலூரில் மழை. அம்மா சிதம்பரத்துக்குப் போகாமல் அந்த வீட்டிலேயே இருக்கிறாள். சித்தி போனில் புலம்புகிறாள்: “எங்கக்கா எங்க வருது? இங்க வந்து இருன்னா, வூட்ட வுட்டுட்டு எப்பிடி வர்றதுங்குது. தெருவுல பாதிப் பேரு மேடான எடத்துக்குப் போயிட்டாங்க. இது மட்டும் உக்காந்துக்கினு இருக்குது.” நேற்று அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். பின்னால் மழைச் சத்தம். வானிலை அறிக்கையில் புயல் சின்னம் என்று சொல்கிறார்களே, சித்தி வீட்டுக்குப் போயேன் என்றேன். அவள் போனைத் திருப்பிக் குளிக்கிற அறையைக் காட்டினாள். தூம்பில் வெள்ளைத் துணி, மேலே குழவி.

“அடைச்சாச்சி. நீ பயப்படாத. ஒன் பக்கம் தொறந்திருக்குதா?”

போனைப் பின்னறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு படம் நின்றுபோனது. அங்கே மின்சாரத்தை நிறுத்தியிருப்பார்கள்.

இப்போதைய நிலை இது. ஃபர்னஸ் எரிகிறது. வடிகால் திறந்திருக்கிறது. அப்பாவின் வேட்டியில் பாதி இங்கே குழாயின் மேல் இருக்கிறது, பாதி அங்கே தூம்புக்குள் இருக்கிறது. மனுக்களில் கையெழுத்து இல்லை. அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள், நான் இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன்.